ஜும்ஆ நேரத்தில் திறந்திருந்த கவுண்டர்

பொறாமைப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. மச்சான் கட்டிய மாடி வீடு, கூடப் படித்தவன் வாங்கிய கார், பக்கத்து வீட்டுக்காரருக்கு வாய்த்த மருமகன் என்று எத்தனையோ பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அவர்களிடமும் ஏதாவது குறை கண்டுபிடித்து ஆறுதலடைந்து விடுவேன். ஒரே ஒருவரிடம்தான் அந்த ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. கல்முனைப் பிரதான வீதியில் எங்கள் வங்கிக்கு நேர் எதிரே இருந்த வங்கியின் முகாமையாளர் அவர். ஊரெல்லாம் அவரை ‘மெனேஜர் மிஸ்’ என்றது. இந்தப் பக்கம் இருந்த நானும் மெனேஜர்தான். ஆனால் எங்கள் தெருவில் யாராவது “மெனேஜர்ட்ட போய் வாறன்” என்றால் அவரிடம் போகிறார்கள் என்று அர்த்தம்.

ஆளைப் பார்த்தால் பொறாமைப்பட ஒன்றுமில்லை. கட்டையான, மெலிந்த மனுசி. கறுப்பு அபாயாவின் கைகளை மணிக்கட்டோடு மடித்து ஊசி குத்தியிருப்பார், முத்திரை மை படாமலிருக்க. எனக்கு வங்கி கொடுத்த கார் இருந்தது. அவர் அக்கரைப்பற்று பஸ்ஸில் குடையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து இறங்குவார். பஸ்ஸிலிருந்து இறங்கி வங்கிப் படியேறுவதற்குள் இரண்டு மூன்று பேராவது சலாம் சொல்லிவிடுவார்கள். காரின் கண்ணாடி ஏற்றியிருந்ததால்தான் எனக்கு யாரும் சொல்வதில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு காசோலை கைக்கு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு காசோலையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் கையெழுத்தைப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் பெயர்தான் கண்ணுக்குத் தெரியும், தலைகீழாகப் பார்த்தால்தான் கோடு தெரியும் என்பாராம். பார்த்துக்கொண்டே, எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும், “சுணங்காது, இரிங்க” என்பார். சொன்னபடி தாமதமாகாது, சுணங்காதுதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

அரசாங்கத் திணைக்களங்களின் பணத்தை வைத்திருக்கும் வங்கிக்குச் சில கடமைகள் உண்டு. உரியவர் கேட்டால் கேட்ட நேரம் கொடுக்க வேண்டும். உரிய கையெழுத்துகள் இல்லாமல், கேட்பது யாராக இருந்தாலும், கொடுக்கக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. மாதம் முடிந்தால் மீதியை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பணம் நிலையாக இருக்கும் என்று நம்பி வங்கி அகலக்கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் எங்கள் வங்கிச் சுற்றறிக்கையிலும் இருக்கிறது, நானும் படித்துத்தான் பரீட்சை எழுதிப் பதவி உயர்ந்தேன். கடமையைச் செய்ததற்காக ஒருவரை ஊர் இவ்வளவு புகழுமா என்பதுதான் என் கேள்வி.

அரசாங்கப் பணம் வைத்திருக்க எங்கள் இரண்டு வங்கிகளுக்கும் அனுமதி இருந்தது. கட்டடம் எங்களுடையது புதிது. குளிரூட்டி எங்களுடையது நன்றாக வேலை செய்தது. வருகிறவர்கள் உட்கார மெத்தை வைத்த கதிரைகள் போட்டிருந்தேன். ஆனாலும் பிரதேச செயலகம், நீர்ப்பாசனம், கல்வி என்று கணக்குகளெல்லாம் வீதிக்கு அந்தப் பக்கமே கிடந்தன. மேலிடத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னிடம் கேட்பார்கள், எதிரே இருப்பதை ஏன் இந்தப் பக்கம் கொண்டுவர முடியவில்லை என்று. வீதியின் அகலத்தைச் சொல்லியா சமாளிக்க முடியும்?

காரணம் வெள்ளிக்கிழமை என்று நான் கண்டுபிடிக்கச் சில காலம் எடுத்தது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் கடைகளின் கதவுகள் வரிசையாக இறங்கும். நானும் ஆட்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன். பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை. மெனேஜர் மிஸ் அன்றைக்கு நேரத்தோடு சாப்பிட்டு முடித்து, வீரமுனையிலிருந்து வரும் காசாளர் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரசாங்கக் கணக்குகளுக்கு மட்டும் ஒரு கவுண்டரைத் திறந்து வைத்திருப்பார். ஆண்கள் தொழுது திரும்பிய பிறகுதான் உள்ளறைக்குப் போய்த் தன் லுஹரைத் தொழுவார்.

வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கணக்காளர் இருந்தார், தம்பிலுவில் ஆள், இந்து. அவரிடம் ஒருநாள் வாய்விட்டே கேட்டேன், எங்களிடம் என்ன குறை என்று.

“குறையொண்டும் இல்ல சேர்” என்றார் அவர். “வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கட ஒபிஸ்ல பாதிப்பேர் பள்ளிக்குப் போயிருவாங்க. எனக்கு அந்த நேரம்தான் கொஞ்சம் ஓய்வு. வங்கி வேலைய முடிப்பமெண்டு வெளிக்கிட்டா ஊரே பூட்டிக் கிடக்கும், அந்த மிஸ் மட்டும் இருப்பாங்க. நீங்க தொழப் போறத நான் குறை சொல்ல ஏலுமா?”

ஏலாதுதான். என்னாலும் முடியாது. அதன் பிறகு குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது பாயில் உட்கார்ந்து, இப்போது அங்கே யார் நிற்பார்கள், எந்தத் திணைக்களம், எந்தக் காசோலை என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இமாம் பொறாமையைப் பற்றிப் பேசிய வெள்ளிக்கிழமைகூட அப்படித்தான் இருந்தேன். அவர் எனக்காகத்தான் பேசுகிறார் என்று தெரிந்தது, காதில் ஏறவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. என் கிளையிலும் ஒரு பெண் உத்தியோகத்தரை வெள்ளிக்கிழமை உட்கார வைத்துப் பார்த்தேன். வந்த ஒரே ஒருவரும் “மிஸ் இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இடம் மாறி வந்துவிட்டேன் என்று வீதியைக் கடந்து போனார். நோன்பு காலத்தில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கென்று பெரிய இஃப்தார் வைத்தேன். இறைச்சி போட்ட கஞ்சி, சம்சா, பேரீச்சம்பழம், பாலூதா, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. இந்து உத்தியோகத்தர்களும் வந்து கஞ்சியை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள். எல்லோரும் என் வங்கி செழிக்க பரக்கத் வேண்டி துஆ கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் அவருடைய கவுண்டரில் நின்றார்கள். அவர் யாருக்கும் ஒரு சம்சாகூடக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடன் கொடுப்பதில் நான்தான் முன்னுக்கு நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் முதலில் அவரிடம்தான் போயிருக்கிறார்.

“கவர்மண்டுக் காசு இவ்வளவு உங்கட பேங்குல சும்மா கிடக்கே மிஸ், அதுல எனக்குக் கொஞ்சம் தந்தா என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

“அது கிடக்கிற காசில்ல ஹாஜியார். செருப்பப் போட்டுட்டு வாசல்ல நிக்கிற காசு. எப்ப வெளிக்கிடுமெண்டு நமக்குத் தெரியா. அத நம்பி உங்களுக்கு நான் வாக்குத் தர ஏலாது” என்றாராம் அவர். எவ்வளவு காசு என்று ஹாஜியார் சுற்றி வளைத்துக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, குடிக்கத் தேத்தண்ணிதான் வந்ததாம்.

ஹாஜியார் நேரே வீதியைக் கடந்து என்னிடம் வந்தார். நான் கொடுத்தேன். கடனும் கொடுத்து, பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே என் முகத்துக்கு நேரே சொன்னார்: “என்ன இரிந்தாலும் மெனேஜர், அந்த மனுசி சரியான ஆள். மூஞ்சிக்கு நேர இல்லெண்டு செல்லிட்டா. அப்படியான எடத்துலதான் காச வெச்சிட்டு நிம்மதியாப் படுக்கலாம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தான் தலைவராக இருந்த பள்ளிவாசலின் கட்டட நிதியை அந்த மாதமே கொண்டுபோய் அவரிடம் வைத்தார். இல்லை என்றவரிடம் நம்பிக்கை, ஓம் என்றவனிடம் தவணை கேட்டு நச்சரிப்பு. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவி அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். அவளுடைய பாடசாலைக் கணக்கும் அந்த வங்கியில்தான் கிடந்தது. மற்றக் கணக்குகளோடு பார்த்தால் சிறிய கணக்குதான், கடுகளவு. ஆனால் எதிர் வங்கிக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்க அது ஒன்றே போதும். எத்தனையோ தரம் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், அவளுடைய உம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதும் கேட்டேன். “வீட்டுக் கதைய வீட்டுல கதைங்க. பள்ளிக்கூடக் காசு வேற” என்று ஒரே பதில்தான் வரும்.

மெனேஜர் மிஸ் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அந்த வங்கிக்கு இப்போது வந்திருப்பவர் ஒரு தம்பி. வெள்ளிக்கிழமை அவரும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்துப் பாயில் வந்து உட்காருகிறார். பிரியாவிடைக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். அவரைப் புகழ்ந்து நான்கு வார்த்தை பேசினேன், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலும் அவருக்குத்தான் விழுந்தது. அவர் போன பிறகாவது மனைவியின் கணக்கைக் கேட்டாயா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கவில்லை. கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் அவர் இருந்தபோது வந்த ஒரு வெள்ளிக்கிழமை.

பாடசாலைக் காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று என் மனைவியுடையது, மற்றது உப அதிபருடையது. அந்த உப அதிபர் மக்காவுக்கு உம்றாப் பயணம் போகப் புறப்பட்டார். பயணம் போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அவர் என் அறைக்கும் வந்தார். “அறிஞ்சும் அறியாமலும் ஏதும் பிழ செஞ்சிருந்தா மாப் பண்ணிக்கங்க மெனேஜர்” என்று கையைப் பிடித்தார். கட்டியணைத்து, எனக்காகவும் துஆ கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என்ன துஆ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுசர் கஃபாவின் முன்னால் நின்றுகொண்டு, எதிர் வங்கியின் கணக்குகளை இவருக்குக் கொடு யா அல்லாஹ் என்று கேட்க வேண்டி வந்திருக்கும். என்னிடமிருந்து இறங்கி அவர் வீதியைக் கடந்து மெனேஜர் மிஸ்ஸிடமும் மாப் கேட்கப் போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்ல மனுசர், அல்லாஹ்வுக்குப் பயந்தவர். எல்லாப் பாரத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தான் இல்லாத நேரத்தில் பாடசாலை வேலை எதுவும் தன்னால் சுணங்கக் கூடாது என்று, காசோலைப் புத்தகத்தில் மிச்சமிருந்த தாள் எல்லாவற்றிலும் தன் கையெழுத்தைப் போட்டு என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அவர் போன பிறகு ஒரு வியாழக்கிழமை கடற்காற்று சுழன்றடித்து, பாடசாலையின் பெரிய மண்டபத்துக் கூரைத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. திங்கட்கிழமை அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பரீட்சை. சனி, ஞாயிறுக்குள் தகரம் வாங்கி அடித்தால்தான் ஆயிற்று, இல்லாவிட்டால் பரீட்சை நிலையத்தையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் மனைவி, உப அதிபர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த காசோலை ஒன்றில் தன் கையெழுத்தையும் அன்றைய திகதியையும் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கவுண்டருக்குப் போயிருக்கிறாள். நான் குத்பாவில் இருந்தேன். அங்கே நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மெனேஜர் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். காசோலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். திரும்ப நேராகப் பிடித்தார்.

“கையெழுத்து அவருடதான் டீச்சர், சந்தேகமில்ல. ஆனா இண்டையத் திகதியெல்லோ போட்டிரிக்கி. இந்தக் கையெழுத்துக்காரர் இண்டைக்கு மக்காவுல இரிக்காரு.”

“அவரு போகக்குள்ள போட்டு வெச்சிட்டுப் போனது மிஸ். எல்லா எடத்துலயும் இப்படித்தானே செய்ற?”

“செய்றாங்க. எனக்குத் தெரியாட்டி நானும் மாத்தித் தந்திருப்பன். இஞ்ச வந்து மாப் கேட்டுட்டெல்லோ போனாரு. தெரிஞ்ச பிறகு தெரியாதவ மாதிரி எப்படி இரிக்கிற? ரெண்டு பேர் பாத்துத்தான் இந்தக் காசு வெளிய போகணுமெண்டு அரசாங்கம் செல்லியிரிக்கி. இத ஒராள்தானே பாத்திரிக்கிறீங்க.”

“திங்கக்கிழம சோதின மிஸ். புள்ளைகள் வெயிலுக்குள்ள இரிந்தா எழுதுற?” என்றாளாம் மனைவி. பின்னால் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ஓர் அதிபரின் காசோலையைத் திருப்பிக் கையில் கொடுப்பது எங்கள் ஊரில் சின்னக் காரியமில்லை.

“சுணங்காது, இரிங்க” என்றார் மெனேஜர் மிஸ்.

தொழுதுவிட்டு நான் பள்ளிவாசல் படியிறங்கி வரும்போது, மனைவி அந்த வங்கியின் வாசலில் முகம் சிவந்து நிற்கிறாள். என்ன புள்ள என்று கேட்டேன்.

“செக்கத் திருப்பிட்டா” என்றாள்.

ஜும்ஆ தொழுத வாயோடு பொய் சொல்லக் கூடாது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. கூரை, பிள்ளைகள், பரீட்சை ஒன்றும் அப்போது என் தலையில் ஏறவில்லை. இத்தனை காலமும் நான் கஞ்சி ஊற்றியும் வராத கணக்கு, அந்த மனுசியே பிடித்துத் தள்ளி என் பக்கம் வருகிறது என்றுதான் தோன்றியது. மனைவிக்கு ஆறுதல் சொல்வதுபோல் அந்த வங்கியைப் பற்றிக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டு, வேகமாக என் கிளைக்குப் போய்ப் புதுக் கணக்குத் திறக்கும் படிவத்தை எடுத்துப் பையில் வைத்தேன்.

அதற்குள் வீதிக்கு அந்தப் பக்கம் வேலை முடிந்துகொண்டிருந்தது. மெனேஜர் மிஸ் ஏற்கெனவே தொலைபேசியில் தம்பிலுவில் கணக்காளரைப் பிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் கதிரையில் இருக்கிறவர் அவர்தானே. உப அதிபர் வரும்வரை பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவர் கையெழுத்திடலாம் என்று வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அவரே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். ஆசிரியை வந்தார், மாதிரிக் கையெழுத்து வைத்தார், மிஸ் கொடுத்த புதுப் புத்தகத்தில் காசோலை எழுதினார்கள். காசாளர் பெண் காசை எடுத்துத் தயாராக வைத்திருந்தாளாம். மிஸ் அதுவரைக்கும் தொழவும் போகவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னரே தகரம் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பாடசாலை கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஆனாலும் திருப்பியது திருப்பியதுதானே. அந்தச் சூடு ஆறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அந்திக்கு மஃரிபு தொழுது முடிந்ததும் படிவத்தை மனைவியின் முன்னால் வைத்தேன்.

“இஞ்ச ஒரு கையெழுத்துப் போடு புள்ள. வலயத்துக்குக் குடுக்கிற கடிதமும் நானே டைப் பண்ணிக் கொண்டந்திரிக்கன்.”

அவள் முழுவதையும் வாசித்தாள். விடைத்தாள் திருத்துகிற ஆள், எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“உங்கட பேங்கெண்டா அந்த செக்க இண்டைக்கு மாத்தித் தந்திருப்பீங்களா?”

“இதென்ன கேள்வி? உடன தந்திருப்பன். நாலு பேருக்கு முன்னால உன்ன இரிக்க வெப்பனா? எண்ட பொஞ்சாதிட செக்க நான் மாத்தாம ஆரு மாத்துற?”

“உப அதிபர் உம்றாவுக்குப் போனது உங்களுக்கும் தெரியுந்தானே?”

“தெரியும். என்னட்டயும் வந்து மாப் கேட்டவர்தானே.”

“தெரிஞ்சும் மாத்துவீங்க?”

“உனக்காகத்தானே புள்ள!”

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். எந்தப் பெண்ணுக்கும் புருசன் சொல்லிக் கேட்க ஆசையான பதில். அவள் படிவத்தை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, என் சட்டைப் பையிலேயே வைத்தாள். கோபப்பட்டாளென்றால் சண்டை பிடித்திருக்கலாம். கோபப்படவில்லை.

“புள்ளைகள்ட காசு அதுக்குத்தான் அங்க கிடக்கு. அங்கயே கிடக்கட்டும்” என்றாள்.

அவள் தேத்தண்ணி போட எழுந்தாள். குசினி வாசலில் நின்று திரும்பினாள்.

“செல்ல மறந்திட்டன். மிஸ் உங்களுக்கு சலாம் செல்லச் சொன்னா.”

வந்த சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. யார் சொன்னார் என்று பார்க்க முடியாது, பிறகு பார்க்கலாம் என்று சுணக்கவும் முடியாது. சட்டைப் பையில் அந்தப் படிவத்தோடு, “வஅலைக்குமுஸ்ஸலாம்” என்றேன்.